முகம் தைக்காத சம்மனசு

தினேஷ்,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தாளில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படிப்பதற்குள் "ஓகேமா" என்று போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். தாளைக் கவிழ்த்து வைத்தாலும் தப்ப முடியாது, பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். உன் நலத்தை விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கட்டிய பெண்டாட்டி நான்கு நாளாக கூலாயில் என் வீட்டில் இருக்கிறாள். நீ சாப்பிட்டாளா தூங்கினாளா என்று ஒரு வார்த்தை கேட்காமல், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாய். நலமாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் நெஞ்சு கொதிக்கிறது. பெற்ற பிள்ளை மேல் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டெல்லாவைக் கூட்டிப்போக உலு திராமிலிருந்து வந்தாய். என் தையல் மெஷின் மேல் அந்தப் பொம்மை உட்கார்ந்திருந்தது. ஒரு முழம்கூட இருக்காது. தேத்தண்ணி நிறத்தில் உடம்பு, மஞ்சள் கவுன், முதுகில் வெள்ளை வலைத்துணியில் இரண்டு இறக்கை. முகம் மட்டும் வெறும் துணியாக இருந்தது. நீ அதைக் கையில் எடுத்தாய். திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என்னமா இது? மூஞ்சியே இல்ல, பேய் மாதிரி இருக்கு. இதத் தைக்கத்தான் ரெண்டு மாசமா சனிக்கிழமை ஆனா இங்க ஓடி வந்தாளா?" என்று என்னைக் கேட்டாய், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. "சம்மனசுங்க" என்றாள் ஸ்டெல்லா. மாதா கோயிலுக்குப் போகிற அவர்கள் வீட்டில் தேவதூதரை அப்படித்தான் சொல்வார்கள். "நம்ம பாப்பாவுக்காக" என்றும் சொன்னாள். நீ நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து, பொம்மையைத் தலைகீழாகப் போட்டு, முடிச்சும் போட்டாய். "செத்துப்போன பிள்ளைய பொம்மை செஞ்சி வீட்ல வைக்கப் போறியா? நான் தூக்கிப் போட்டுர்றேன். மறந்துட்டு அடுத்த வேலையப் பாருலா" என்றாய். காரின் பின்னால் சாமான் வைக்கிற பூட்டைத் திறந்து, உள்ளே எறிந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்துச் சாத்தினாய். ஸ்டெல்லா காரில் ஏறவில்லை. "ஏறு" என்று மூன்று தரம் சொன்னாய். அவள் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நீ போய்விட்டாய்.

நீ பையில் கட்டிப் போட்டது என்ன என்று உனக்குத் தெரியுமா? தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. ஆறாம் மாதத்தில் ஸ்டெல்லாவும் நானும் பஸ் ஏறி தங்காக் போனோம், ஞாபகம் இருக்கிறதா? "கூலாயில துணியே இல்லையா, அவ்வளவு தூரம் போகணுமா" என்று கிண்டல் செய்தாய். பெண்ணா ஆணா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். அதனால் எந்தப் பிள்ளைக்கும் ஆகிற மாதிரி இளமஞ்சள் பருத்தித் துணி எடுத்தோம். கடைக்காரர் நான்கு ரகம் விரித்துக் காட்டினார். அவள் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தே எடுத்தாள். அதில் பிள்ளையைச் சுற்றுகிற துணி ஆறு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். ஐந்து மாதத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்தில், வயிற்றிலேயே அந்தப் பிள்ளையின் துடிப்பு நின்றது. ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நீ வீட்டைக் காலி செய்தாய். தொட்டில் போனது, குட்டிக் குளியல் தொட்டி போனது, ஆறில் ஐந்து துணி போனது. ஆறாவது துணியை அவள் தன் ஆபீஸ் பைக்குள் வைத்திருந்திருக்கிறாள். அது அங்கே இருந்ததால் தப்பித்தது. அந்த ஒரு துணிதான் பொம்மையின் கவுன். இறக்கை அவள் கல்யாணத்தன்று தலையில் போட்டிருந்த வலை. வேறு எதுவும் அவளிடம் மிச்சமில்லை, எல்லாவற்றையும்தான் நீ சுத்தம் செய்துவிட்டாயே.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கிராப் கார் பிடித்து வந்து, அந்தத் துணியை என் மடியில் வைத்து, "அத்தே, இதுல ஒரு சம்மனசு தச்சித் தர்றீங்களா" என்று கேட்டாள். எனக்குப் பொம்மை தைக்கத் தெரியாது. செனாய் பக்கம் அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நான் தைத்தது காலர். காலர் மட்டும். ஒரு முழுச் சட்டையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் தைத்ததே இல்லை. அதை அவளிடம் சொன்னேன். "எனக்கு பட்டன்கூட தைக்க வராது அத்தே, யூடியூப்ல பாத்துக்கலாம்" என்றாள். ஃபோனை மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆரம்பித்தோம். அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரி ரோஸ் நிறத் துணியில் உடம்பு வெட்டினாள். ஸ்டெல்லா நிறுத்தச் சொன்னாள். "நம்ம பாப்பா இந்தக் கலராவா இருந்திருக்கும்?" என்று கேட்டாள். வெள்ளைத் துணி ஒரு கெஜம் எடுத்து, சட்டியில் பால் சேர்க்காத தே-ஓ காய்ச்சி அதில் முக்கினோம். வெளுப்பாக வந்தது. கோப்பித் தூளும் கொஞ்சம் போட்டு மறுபடி முக்கிக் கொடியில் காயப் போட்டோம். காய்ந்ததும் அதை என் கைமேல் வைத்துப் பார்த்தாள், தன் கைமேல் வைத்துப் பார்த்தாள். பிறகு, "அவரு கலர் போதும்" என்றாள். உன் நிறம்தான் அது. நீ பையில் போட்டு முடிச்சுப் போட்டாயே, அது.

எனக்கு நேர்த்தையல்தான் கைவந்தது. வளைவு வராது. முதல் தலையைத் தைத்து, வளைவில் கத்திரியால் சின்னச் சின்னதாக வெட்டிவிடாமல் அப்படியே உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பஞ்சை அடைத்தேன். சுருக்கம் விழுந்து வாடின கத்தரிக்காய் மாதிரி வந்தது. கழுத்தில் பஞ்சு போதாமல் தலை தொங்கியது. நான் அதை நிமிர்த்தி நிமிர்த்தி வைக்க, அது எனக்குக் கும்பிடு போடுகிற மாதிரி குனிந்துகொண்டே இருந்தது. ஸ்டெல்லா சிரித்தாள், தினேஷ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியது. நான் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழாதே என்று சொல்லவில்லை. அந்த ஒரு நல்ல காரியத்தையாவது என் வாழ்க்கையில் செய்தேன். இரண்டாவது தலை சரியாக வந்தது. சாப்ஸ்டிக் குச்சியால் கழுத்துக்குள் பஞ்சை நெட்டித் தள்ளியது அவள்தான். கை கால் தைத்தது நான். இறக்கையை முதுகில் தையல் தெரியாமல் வைப்பதற்கு மட்டும் மூன்று சனிக்கிழமை ஆனது. இதைத்தான் நீ பேய் என்றாய்.

உன்னைத் திட்டிக்கொண்டே போக எனக்கு ஆசைதான், திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் நான்கு நாளாக உன்னை நினைத்துப் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் வேறு ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்.

உன் அப்பா போனபோது உனக்குப் பதினோரு வயது. தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், காலையில் ஆட்களை இறக்கிவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். கருமாதி முடிந்த மறுநாளே அவருடைய துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். கண்ணில் பட்டால் பிள்ளை ஏங்கிப்போவான் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அது சரியென்று பட்டது. நீ அவருடைய நீல யூனிபார்ம் சட்டை ஒன்றை எடுத்து மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய். ஒரு மாதம் கழித்து மெத்தையைத் தட்டும்போது கண்டுபிடித்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துவைத்தேன். துவைத்த பிறகு அதில் அவர் வாசனை ஏது? பிறகு அதை நான்காகக் கிழித்துத் தரை துடைக்கிற துணியாக்கினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ, வாளி ஓரத்தில் பாக்கெட்டோடு தொங்கிய துண்டைப் பார்த்தாய். அழவில்லை, கேட்கவில்லை. ஆனால் அந்தத் துணியால் நான் துடைத்த ஈரத்தில் நீ கால் வைக்கமாட்டாய். சுவர் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி உன் அறைக்குப் போவாய். பல மாதம் அப்படிப் போனாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பையன் தேறிவிட்டான், அழுகிற பழக்கமே இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

ஆகவே இந்தச் சுத்தம் செய்கிற வித்தையை நீ எங்கே கற்றாய் என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. என் மேல் எனக்கு வருகிற கோபம் உன் மேல் வருவதைவிடப் பெரிது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஈரத்தில் கால் வைக்காமல் சுவரோரமாகப் போன அந்தப் பிள்ளை நீதானே? உனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும் என்று? தெரிந்துமா அந்தப் பையில் முடிச்சுப் போட்டாய்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். அவள் மயக்கம் முழுதாகத் தெளியாமல் கிடந்தாள். அங்கே நர்ஸாக இருந்த மலாய் மிஸ்ஸி நல்லவள். பிள்ளையைத் துடைத்துச் சுற்றி வைத்திருப்பதாகவும், தாய் தெளிந்ததும் கையில் கொடுக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றும் உன்னிடம் சொன்னாள். நீ வராந்தாவுக்கு வந்து என்னிடம் கேட்டாய். "எப்படிமா செய்யறது? காட்டலாமா?" என்று கேட்டாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேணாம்பா, காட்டாதே. பாத்தா மறக்க மாட்டா. அவ எழும்புறதுக்குள்ள கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு வந்துரு" என்றேன். நீ கேட்டாய் என் பேச்சை. சின்ன வயதிலிருந்து நீ என் பேச்சைக் கேட்காத ஒரே காரியம் அந்தச் சட்டைதான். அவள் கண் விழித்து "பாப்பா எங்க?" என்று கேட்டபோது நீ கையில் மண்ணோடு திரும்பி வந்துகொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை இதை ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வேலைக்குப் போகிற சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உன் மேல் அவளுக்கு இருந்த கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது, அதை மறைத்து வைத்துக்கொண்டு நல்ல மாமியார் மாதிரி அவளுக்குச் சோறு போட எனக்குக் கூசியது. சொன்னேன். "அவனா முடிவு பண்ணலம்மா, என்கிட்ட கேட்டான். நான்தான் காட்டாதேன்னு சொன்னேன்." அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரு உங்ககிட்ட கேட்டாரு. நீங்க சொன்னீங்க. என்கிட்ட யாருமே கேக்கலயே, அத்தே" என்றாள். அவ்வளவுதான். பிறகு சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டாள். அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

இப்போது அந்த முகத்தைப் பற்றிச் சொல்கிறேன். "மூஞ்சியே இல்ல" என்று கத்தினாயே, ஏன் இல்லை என்று நினைத்தாய்? தைக்கத் தெரியாமலா? போன சனிக்கிழமை எல்லாம் முடிந்து, கறுப்பு நூலைக் கோத்து ஊசியை அவள் கையில் கொடுத்தேன். அந்த வீடியோக்காரி இரண்டு புள்ளி, ஒரு கோடு போட்டு முடித்துவிட்டாள். ஸ்டெல்லா ஊசியைத் துணியில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். "அத்தே, பாப்பாவுக்கு மூக்கு யாரு மாதிரி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நானும் பார்க்கவில்லையே. உன்னிடம் பேசிவிட்டு வந்த பிறகு அவள் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன், அதுதான் என் கடமை என்று. அவள் அப்பா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "நான் சும்மா எதையாவது தச்சா அது யாரோ ஒரு பிள்ளையாயிரும்" என்று சொல்லி ஊசியைக் குத்தி வைத்துவிட்டாள். அதனால்தான் வெறுமையாக இருந்தது.

நம் வீட்டில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவன் நீ ஒருவன்தான், தினேஷ். அவள் கட்டில் பக்கத்து ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். பெட்டியில் வைக்கச் சொன்ன ஆளிடம் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வேனில் ஏறினாய். ஏறும்போது துணியை விலக்கிக் குனிந்தாய். எவ்வளவு நேரம் குனிந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உனக்காக நின்றார். அந்த முகத்தை யாரிடமும் சொல்லாமல் ஐந்து மாதமாக அந்த மோட்டாரில் பாலத்துக்கும் வீட்டுக்கும் சுமந்துகொண்டு திரிகிறாய். ஞாயிற்றுக்கிழமை பொம்மையைத் திருப்பிப் பார்த்தபோது, கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தை உன் கட்டைவிரல் இரண்டு தரம் தடவியது. அதன் பிறகுதான் கத்தினாய். நான் பார்த்தேன். பதினோரு வயதில் உன்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இந்தத் தடவை இருக்கமாட்டேன்.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்குக் குறைவு, ஆனாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். உன் பெண்டாட்டி சம்பந்தப்பட்டதை என்னிடம் கேட்காதே. அவளிடம் கேள். அவள் அழுதால் உன்னால் தாங்க முடியவில்லை என்றால், தாங்க முடியவில்லை என்று சொல், பூட்டை அடித்துச் சாத்தாதே. அவளுக்கு நல்லது என்று நினைத்து நீ ஒன்றைத் தூக்கிப் போடும்போது, அது உனக்கு வசதியா அவளுக்கு நல்லதா என்று நின்று யோசி. நான் யோசிக்கவில்லை. வரும் ஞாயிறு அவர்கள் கோயிலில் கல்லறைத் திருநாள். செத்தவர்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் பெண்களும் போவார்கள். நம் வீட்டில் பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று சொல்லி நீ அவளைத் தடுத்திருக்கிறாய். அந்தச் சட்டத்தையும் உன் தலையில் ஏற்றியது நான்தான். இந்த ஞாயிறு அவள் போவாள். நானும் கூடப் போகிறேன். உன் அப்பாவை வைத்த இடத்தைக்கூட நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. பிள்ளையைப் புதைத்த இடம் எங்கே என்று உனக்கு மட்டும்தான் தெரியும், காட்டு.

அதற்கு முன்னால் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. அந்தப் பையோடு வா. குப்பையில் போட்டுவிட்டாய் என்றால் அதை வாயால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். மஞ்சள் துணி இனி இல்லை, ஆனால் தே-ஓ இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, நாங்கள் இன்னொரு தலை தைப்போம். நீ போட்டிருக்க மாட்டாய் என்று என் மனம் சொல்கிறது. இன்னும் கார் பூட்டில்தான் கிடக்கும், நீயும் அதைத் திறக்காமலே இருப்பாய். மெஷின் பக்கத்தில் உனக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். ஊசி அவள் கையில் இருக்கும். நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மூக்கு எப்படி? தலையில் முடி இருந்ததா, சுருட்டையா? புருவம் இருந்ததா? கண் மூடியிருந்தது என்றால் மூடியபடியே தைக்கட்டும். அழுதுகொண்டே சொல், திக்கித் திக்கிச் சொல், அரை நாள் ஆனாலும் சொல். அவளுக்குப் பிறந்த பிள்ளையை அவள் ஒரு தரம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அன்றைக்கு "காட்டாதே" என்று சொன்ன உன் அம்மா.